பிரேயரில் நிற்கும்போது மகள் மயங்கி விழுகிறாள். எல்லா டெஸ்ட்டும் நார்மல், "டென்ஷன்" என்கிறார்கள். இது மூளை ரசாயனமா, இதயமா?

பெரம்பூர்_செல்வி:

என் மகளுக்கு 16 வயசு. இந்த ஜூன்லதான் பிளஸ் ஒன் போயிருக்கா. போன வருஷம் ஐப்பசி மழையில ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தா. காய்ச்சல் போயிடுச்சு, ஆனா அவ பழைய மாதிரி எழுந்திருக்கவே இல்லை.

காலையில பிரேயர்ல நாலஞ்சு நிமிஷம் நின்னா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. கண்ணு இருட்டிக்கிட்டு வருது. கை சில்லுன்னு ஆகி நடுங்குது. இதுவரைக்கும் மூணு தடவை விழுந்துட்டா. வெந்நீர்ல குளிச்சிட்டு வந்தா தலைகூடத் துவட்ட முடியாம கட்டில்ல சாய்ஞ்சிடுறா. எல்லாத்தையும்விட எனக்கு வலிக்கிறது, ஒரு பக்கம் படிச்சா முதல் வரி மறந்துபோச்சும்மான்னு அழுறா. பத்தாவதுல கணக்குல 97 வாங்கின பொண்ணு.

நாலு டாக்டர் பார்த்தாச்சு. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, சுகர் எல்லாம் நார்மல். ஹீமோகுளோபின் 12.4. நாலாவதா பார்த்தவர் அவகிட்ட ஒரு வார்த்தை பேசலை. என்னைப் பார்த்து, "எக்ஸாம் டென்ஷன்மா, ஒரே பொண்ணுன்னு செல்லம் குடுத்திருப்பீங்க"ன்னாரு. வெளியில வந்து ஆட்டோவுல உட்கார்ந்ததும் அவ கேட்டா, "நான் நடிக்கிறேன்னு நீயும் நினைக்கிறியாம்மா?" அந்தக் கேள்விக்காகத்தான் இங்க எழுதுறேன். மூளையில ஏதாவது கெமிக்கல் கோளாறா? யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.

தாம்பரம்_ஜீவா:

சகோதரி, தப்பா எடுத்துக்காதீங்க. என் அண்ணன் பையனுக்கும் படபடப்பு, மறதி எல்லாம் இருந்தது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போன் பார்ப்பான். போனை வாங்கி வெச்சதும் ஒரே மாசத்துல சரியாயிட்டான். மூளையில டோபமைன் தாறுமாறா ஏறி இறங்கினா இப்படித்தான் ஆகும்னு படிச்சிருக்கேன். முதல்ல தூக்கத்தைச் சரிபண்ணிப் பாருங்க.

நிலா_20:

செல்வி அக்கா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு எனக்கு அழுகை வந்துடுச்சு. இது அப்படியே என் கதை. 17 வயசுல எனக்கு ஆரம்பிச்சது. கடற்கரை-தாம்பரம் ரயில்ல உட்கார இடம் கிடைச்சா ஒண்ணும் ஆகாது. நின்னுட்டு வந்தா நுங்கம்பாக்கம் தாண்டறதுக்குள்ள காது அடைச்சுக்கும். ரெண்டு வருஷம் "பயந்த சுபாவம்"னு சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிட்டேன். அப்புறம்தான் பாட்ஸ்னு கண்டுபிடிச்சாங்க. எழுந்து நின்னா இதயத்துடிப்பு அளவுக்கு மீறி ஏறுற ஒரு தானியங்கு நரம்பு மண்டலக் கோளாறு.

ஜீவா அண்ணா சொல்ற தூக்கம் முக்கியம்தான், மறுக்கலை. ஆனா அவ எப்ப விழுறான்னு பாருங்க. நிக்கும்போது, வெந்நீர்ல குளிச்ச பிறகு. போன் பார்க்கும்போது இல்லை.

கொரோனா சமயத்துல விரல்ல மாட்டுற பல்ஸ் ஆக்ஸிமீட்டர் வாங்கி வெச்சிருப்பீங்களே, அதை எடுங்க. காலையில எழுந்ததும் பத்து நிமிஷம் அசையாம படுக்கச் சொல்லி பல்ஸ் குறிச்சுக்கோங்க. அப்புறம் சுவர்ல முதுகைச் சாய்ச்சு நிக்கணும். குதிகால் சுவர்லேருந்து அரை அடி தள்ளி இருக்கணும். பேசக்கூடாது, காலை ஆட்டக்கூடாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை பல்ஸ் எழுதுங்க, பத்து நிமிஷம். பி.பி. மெஷின் இருந்தா அதையும் போடுங்க. நீங்க பக்கத்துலயே நில்லுங்க, தனியா விடாதீங்க. மயக்கம் வர்ற மாதிரி இருந்தா உடனே படுக்க வெச்சிடுங்க.

உடலியல்_வாத்தியார்:

நான் மருத்துவக் கல்லூரியில் 31 ஆண்டுகள் உடலியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். சிகிச்சை அளிக்கும் மருத்துவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அம்மா, "மூளையா, இதயமா" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் இணைக்கும் இடத்தில்தான் சிக்கல் இருக்கக்கூடும். நாம் எழுந்து நின்ற சில நொடிகளில் ஏறக்குறைய 500 முதல் 800 மில்லி ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. உடம்பில் இருப்பதே சுமார் ஐந்து லிட்டர். கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் உள்ளன. ரத்தம் கீழே இறங்கியதும் அவை மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்துக்குத் தகவல் அனுப்புகின்றன. முகுளம், உடம்பை உஷார்ப்படுத்தும் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. அந்த நரம்பு முனைகள் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. கால் ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இதயம் சற்று வேகமெடுக்கிறது, ரத்தம் மேலே வருகிறது. நமக்கு எதுவுமே தெரிவதில்லை.

உங்கள் மகளுக்கு இந்தச் சங்கிலியில் எங்கோ ஒரு கண்ணி சரியாக இழுக்கவில்லை என்று வையுங்கள். குழாய்கள் போதுமான அளவு இறுகவில்லை, அல்லது உடம்பில் ரத்தத்தின் கொள்ளளவே குறைவு. அப்போது முகுளம் என்ன செய்யும்? இன்னும் நார்அட்ரினலின், இன்னும் வேகம் என்று விரட்டும். நெஞ்சு அடிப்பதும் கை நடுங்குவதும் சில்லிடுவதும் அதனால்தான். பெண் நடிக்கவில்லை. அவளுடைய மூளைத்தண்டு அவளை நிற்க வைக்கப் படாதபாடு படுகிறது.

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் இருந்த ஷோன்டார்ஃப், லோ என்ற இருவர் இந்த நிலைக்கு பாட்ஸ் என்ற இப்போதைய பெயரைச் சூட்டினார்கள். பாட்ஸ் என்று சொல்ல, பெரியவர்களுக்கு நின்ற பத்து நிமிடத்துக்குள் துடிப்பு 30 ஏற வேண்டும். 12 முதல் 19 வயது வரை 40 ஏற வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே துடிப்பு கூடுதலாக ஏறும் என்பதால் அந்த வேறுபாடு. ரத்த அழுத்தம் பெரிதாக விழக்கூடாது. தொல்லை மூன்று மாதமாவது நீடித்திருக்க வேண்டும். நிலா சொன்ன சோதனையைச் செய்துவிட்டு எண்களை இங்கே இடுங்கள்.

பெரம்பூர்_செல்வி:

இன்னைக்கு காலையில ஆறரை மணிக்குப் பார்த்தோம். ஹால்ல காலண்டர் மாட்டியிருக்கிற சுவர்ல அவளைச் சாய்ச்சு நிக்கவெச்சேன். அவங்க அப்பா ஒரு பக்கம் கையை நீட்டிக்கிட்டே நின்னாரு. நான் பால் கணக்கு எழுதுற நோட்டுல எழுதினேன்.

படுத்திருக்கும்போது 72. ஒரு நிமிஷம் 98. மூணு நிமிஷம் 111. அஞ்சு நிமிஷம் 117. எட்டு நிமிஷம் 122. பத்து நிமிஷம் 124.

பி.பி. படுத்தப்போ 108/70, பத்தாவது நிமிஷம் 110/78.

ஏழாவது நிமிஷத்துலேருந்து அவ கொட்டாவி விட்டுக்கிட்டே இருந்தா. குனிஞ்சு காலைப் பார்த்தேன். ரெண்டு பாதமும் நாவல்பழம் கசங்கின நிறத்துல இருந்தது. படுக்க வெச்சதும் கண் முன்னாடியே வெளுத்துப் பழைய நிறம் வந்தது. இத்தனை மாசமா ஷூவும் சாக்ஸும் போட்டு அனுப்பிட்டு இருந்திருக்கேன், ஒரு நாள்கூட அந்தக் காலைப் பார்க்கலை. அவங்க அப்பா நோட்டை வாங்கி ரெண்டு தடவை படிச்சிட்டு, ஒண்ணும் பேசாம போய் அவளுக்கு மோர் கரைச்சு எடுத்துட்டு வந்தாரு.

உடலியல்_வாத்தியார்:

52 ஏறியிருக்கிறது, அழுத்தம் விழவில்லை. முடிவு சொல்ல வேண்டியவர் மருத்துவர். ஆனால் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரையோ இதய மின்னியல் தெரிந்தவரையோ பார்க்கப் போதுமான காரணம் இருக்கிறது. போகும்போது ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பின் அளவு), பி12 இரண்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் 12.4 என்பதால் இரும்புச் சேமிப்பும் சரியாக இருக்கும் என்று பொருளில்லை.

இரும்பை ஏன் சொல்கிறேன் என்றால், நீங்கள் கேட்ட மூளை ரசாயனம் அதில்தான் தொடங்குகிறது. நாம் சாப்பிடும் பருப்பு, பால், மீனில் இருந்து டைரோசின் என்ற அமினோ அமிலம் கிடைக்கிறது. அது முதலில் எல்-டோபாவாகவும், பிறகு டோபமைனாகவும், அதற்குப் பிறகு நார்அட்ரினலினாகவும் மாறுகிறது. முதல் படியைச் செய்யும் நொதிக்கு இரும்பு தேவை. ஜீவா குறிப்பிட்ட டோபமைனும் நாம் பேசும் நார்அட்ரினலினும் தாயும் மகளும் போல. இந்தப் பிள்ளைகளிடம் அதிகம் தொல்லை தருவது மகளான நார்அட்ரினலின்தான்.

சுரந்த நார்அட்ரினலின் வேலை முடிந்ததும் என்ன ஆகிறது என்பது அழகான விஷயம். அதில் பெரும்பகுதியைச் சுரந்த நரம்பு முனையே திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. இதைக் கண்டறிந்த ஜூலியஸ் ஆக்செல்ராடுக்கு 1970இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிவு நரம்பின் ரசாயனம் நார்அட்ரினலின்தான் என்று 1946இல் காட்டிய வான் ஆய்லரும் அதே பரிசைப் பகிர்ந்துகொண்டார். முப்பது ஆண்டு கழித்து, 2000இல், வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தார் நின்றால் துடிப்பு எகிறும் ஒரு பெண்ணையும் அவருடைய இரட்டைச் சகோதரியையும் ஆராய்ந்தார்கள். உறிஞ்சும் அந்தப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. சுரந்தது திரும்பப் போகாமல் அங்கேயே தேங்கியது. இது மிக அரிது, உங்கள் மகளுக்கு இதுதான் என்று எண்ண வேண்டாம். ஆனால் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒற்றை எழுத்து நல்ல பதில்.

வேளச்சேரி_கதிர்:

வாத்தியார் ஐயா, நீங்க சொன்ன கடைசி விஷயம் என் வாழ்க்கையில நடந்திருக்கு. எனக்கு 24 வயசு, ஐடி வேலை. கவனம் சிதறுதுன்னு டாக்டரைப் பார்த்தப்போ அட்டாமாக்ஸடின் குடுத்தாங்க. நாலாவது நாள் லிஃப்டுக்காக நின்னுட்டு இருந்தவன் அங்கேயே உட்கார்ந்துட்டேன். வாட்ச்ல பல்ஸ் 150. எனக்கு பாட்ஸ் இருக்குன்னு அப்ப எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. அந்த மருந்தோட வேலையே நார்அட்ரினலினை நரம்பு திரும்ப உறிஞ்ச விடாம தடுக்குறதுதான்னு பின்னாடிதான் புரிஞ்சது.

அந்த மருந்து நிறைய பேருக்கு நல்லா உதவுது, பயமுறுத்த எழுதலை. செல்வி அக்கா, "படிப்புல கவனம் இல்லை"ன்னு யாராவது இந்த வகை மருந்து எழுதினா, நின்னா துடிப்பு ஏறுற விஷயத்தை முதல்ல சொல்லிடுங்க.

ஒரு சந்தேகம் ஐயா. மறதியும் மந்தமும் ரத்தம் தலைக்கு ஏறாததாலயா, இல்ல இந்த ரசாயனத்தாலயா? எனக்கு உட்கார்ந்திருக்கும்போதும் சில நாள் மண்டைக்குள்ள பஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு.

உடலியல்_வாத்தியார்:

தம்பி, இரண்டும் உண்டு. நிற்கும்போது பலருக்கு மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைவதை அளந்து காட்டியிருக்கிறார்கள். சிலர் தம்மை அறியாமல் வேகமாக மூச்சு விடுகிறார்கள். கார்பன் டை ஆக்சைடு குறைந்தால் மூளையின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், மந்தம் இன்னும் கூடும். செல்வி அம்மாவின் மகள் விட்ட கொட்டாவியை நான் அந்தக் கணக்கில்தான் பார்க்கிறேன்.

ரசாயனப் பக்கம் இது. மூளைத்தண்டில் நீலநிறமாக ஒரு சிறு புள்ளி இருக்கிறது. பெயரே லோகஸ் செரூலியஸ், லத்தீனில் நீல இடம் என்று பொருள். சில பத்தாயிரம் நரம்பணுக்கள்தான். மூளை முழுவதற்கும் நார்அட்ரினலின் பெரும்பாலும் அங்கிருந்தே போகிறது. விழிப்பு, கவனம், திடுக்கிடல் எல்லாம் அதன் பொறுப்பு. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிக்கு அது மிதமாக வந்தால் கவனம் கூர்மையாகும். அளவு மீறினால் அதே பகுதி வேலையை நிறுத்திவிடும். குரங்குகளிடம் செய்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. குறைந்த அளவில் ஒரு வகை ஏற்பியும் (ரசாயனத்தை வாங்கிக்கொள்ளும் புரதம்), மிகுந்த அளவில் வேறொரு வகை ஏற்பியும் தூண்டப்படுகின்றன. சாம்பாருக்கு உப்பு போல, குறைந்தாலும் ருசியில்லை, கூடினாலும் வாயில் வைக்க முடியாது.

இங்கே ஒரு தவறான புரிதலையும் களைய வேண்டும். சில இடங்களில் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்தம் எடுத்து நார்அட்ரினலின் பார்ப்பார்கள். நிற்கும்போது ஒரு மில்லிக்கு 600 பிகோகிராமைத் தாண்டினால் மிகைப்பரிவு வகை, அதாவது பரிவு நரம்புகள் அளவுமீறி வேலை செய்யும் பாட்ஸ் என்பார்கள். அது உடம்பின் நரம்பு முனைகளில் இருந்து வழிந்த கணக்கு. மூளைக்குள் இருக்கும் அளவு அதில் தெரியாது. ரத்தத்தில் ஓடும் நார்அட்ரினலினை மூளையின் ரத்தத் தடுப்பு உள்ளே விடுவதில்லை. ஒரு ரிப்போர்ட்டைக் காட்டி "மூளையில் கெமிக்கல் கூடிவிட்டது" என்று யாராவது சொன்னால் அப்படியே ஏற்காதீர்கள்.

திருவல்லிக்கேணி_மூர்த்தி:

20 வருஷமா மருந்துக்கடை வெச்சிருக்கேன். இதுக்குக் குடுக்குற மருந்துகள் பத்தி, கடையில வந்து சொல்றவங்ககிட்ட கேட்டதையும் சேர்த்துச் சொல்றேன். சீட்டு இல்லாம யாரும் வாங்கிப் போடாதீங்க.

ப்ரொப்ரனலால் குறைஞ்ச அளவுல குடுப்பாங்க. அது மூளைக்குள்ளயும் போகும், அதனால சிலருக்கு விசித்திரமா கனவு வரும், சோர்வா இருக்கும். ஆஸ்துமா இருக்குறவங்க தொடவே கூடாது. ஐவாப்ரடின் இதயத்துடிப்பு தொடங்குற இடத்துல மட்டும் வேகத்தைக் குறைக்கும், ஆனா கண்ணுல திடீர்னு வெளிச்சம் மின்னுற மாதிரி இருக்கும்னு சொல்வாங்க. மிடோட்ரின் ரத்தக் குழாயை இறுக்கும். தலையில எறும்பு ஊர்ற மாதிரி இருக்குன்னு ஒரு பொண்ணு பயந்து ஓடி வந்துச்சு. அது அந்த மருந்தோட தெரிஞ்ச குணம்தான். போட்ட நாலு மணி நேரத்துக்குள்ள படுக்கக் கூடாது, பி.பி. ஏறிடும்.

இன்னொண்ணு. ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன ஃபார்முலாவான்னு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம் இருக்கணும். பழச்சாறு மாதிரி இனிக்கிறதுல சர்க்கரைதான் அதிகம்.

நிலா_20:

உப்புன்னதும் ஞாபகம் வந்துச்சு. எல்லாருக்கும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ உப்புன்னு சொல்வாங்க. பாட்ஸ் இருக்குற பெரியவங்களுக்கு 10 கிராம் வரைக்கும் போகச் சொல்ற வழக்கம் உண்டு, கூடவே ரெண்டு மூணு லிட்டர் தண்ணி. ஆனா பி.பி., கிட்னி பிரச்சினை இருந்தா ஆபத்து. பதினாறு வயசுக்கு எவ்வளவுன்னு டாக்டர்தான் சொல்லணும் அக்கா.

நான் கட்டில்லேருந்து எழுந்திருக்கும் முன்னாடியே ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சிடுவேன். மதியம் மோர், நார்த்தங்காய். கத்திரி வெயில் மாசம் மட்டும் எனக்கு எதுவுமே வேலை செய்யாது. தோல்ல இருக்குற ரத்தக் குழாயெல்லாம் விரிஞ்சிடும், போதாததுக்கு வியர்வை. மே மாசம் நான் வெளியில போறதே இல்லை.

அமுதா_செவிலியர்:

மனநலப் பிரிவில் பணிபுரிகிறேன். செல்வி அக்கா, ஒரு விஷயத்தை மென்மையாகச் சொல்ல வேண்டும். இது பாட்ஸ் என்று உறுதியானால், "அப்போ மனசுக்கு ஒன்றுமில்லை" என்று அந்தக் கதவை மூடிவிடாதீர்கள். பல மாதங்கள் காரணமில்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்ட பிள்ளைக்கு, எழுந்து நிற்பதே பயமாகிவிடும். பயந்தாலும் நார்அட்ரினலின், நின்றாலும் நார்அட்ரினலின். எது எதைத் தொடங்கி வைத்தது என்று மூளைக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

நான் வேலை செய்த ஓரிடத்தில், பதற்ற நோய் என்று எழுதி அனுப்பப்பட்ட ஒரு கல்லூரி மாணவி இருந்தாள். படுத்தால் அவளிடம் பதற்றத்தின் சுவடே இருக்காது, சிரித்துப் பேசுவாள். அவளை நிற்கவைத்துப் பல்ஸ் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும் அன்று தோன்றவில்லை. அது இன்றைக்கும் என் மனதை அறுக்கிறது. இப்போது யார் படபடப்பு என்று வந்தாலும் படுக்க வைத்து ஒரு முறை, நிற்க வைத்து ஒரு முறை பார்க்கிறேன்.

தாம்பரம்_ஜீவா:

எல்லாத்தையும் படிச்சேன். நிக்கும்போது மட்டும் வருதுங்கிறதை நான் கவனிக்காம விட்டுட்டேன் சகோதரி, மன்னிச்சுக்கோங்க. நேத்து அண்ணன் பையனை சுவர்ல நிக்கவெச்சுப் பார்த்தோம். 78லேருந்து 94தான் போச்சு. அவனுக்குத் தூக்கம்தான் பிரச்சினையா இருந்திருக்கு. உங்க பொண்ணுக்கு அது இல்லை.

பெரம்பூர்_செல்வி:

அஞ்சு வாரம் கழிச்சு எழுதுறேன். ஒரு நரம்பியல் டாக்டரைப் பார்த்தோம். பால் கணக்கு நோட்டை நீட்டினேன், சிரிக்கலை, ஒவ்வொரு வரியையும் படிச்சார். சாயும் மேசையில பெல்ட் போட்டுப் படுக்க வெச்சு 70 டிகிரி நிமிர்த்திப் பார்த்தாங்க. பாட்ஸ்தான். ஃபெரிட்டின் வெறும் 9. வாத்தியார் ஐயா, நீங்க சொல்லலைன்னா அதை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

இப்போதைக்கு இரும்பு மாத்திரை, தண்ணி, டாக்டர் அளந்து சொன்ன உப்பு, இடுப்பு வரைக்கும் இறுக்கமான சாக்ஸ். பெரம்பூர் வெயில்ல அந்த சாக்ஸைப் போட அவளும் நானும் தினம் கால் மணி நேரம் போராடுறோம். உடற்பயிற்சி எல்லாம் படுத்தபடியும் உட்கார்ந்தபடியும்தான், தொடைக்கும் கெண்டைக்காலுக்கும். துடிப்புக்கான மருந்து ரெண்டு மாசம் பார்த்துட்டு யோசிக்கலாம்னு சொல்லியிருக்கார். நிறைய பிள்ளைங்களுக்கு வருஷம் போகப்போகக் குறையும்னாரு, தேதி குறிச்சுத் தர முடியாதுன்னும் சொன்னார். அப்படிச் சொன்னதே எனக்குப் பிடிச்சிருந்தது. அமுதா சொன்ன மாதிரி ஒரு கவுன்சிலரையும் பார்க்கிறோம்.

இன்னைக்கு காலையில பத்தாவது நிமிஷம் 113. நேத்து 119. முந்தாநாள் 108. ஏறி ஏறி இறங்குது.

பள்ளியில லெட்டர் குடுத்தோம், பிரேயர்ல நாற்காலி போட்டுக் குடுத்துட்டாங்க. கீழ இருக்குறது அவ எழுதினது.

"எல்லாருக்கும் நன்றி. கவிதா மிஸ்கிட்ட வாத்தியார் ஐயா சொன்ன நீல இடம் பத்திக் கேட்டேன், மிஸ்ஸுக்கே தெரியலை, வீட்டுக்குப் போய் படிச்சிட்டு வந்து மறுநாள் கிளாஸ்ல எல்லாருக்கும் சொன்னாங்க. நாற்காலி இருக்கு, ஆனா தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மட்டும் நிக்கிறேன். 55 விநாடிதான். மாற்றுத்திறனாளிகள் நிக்க வேண்டாம்னு அரசாணையிலேயே இருக்கு, நீயும் உட்காரலாம்னு ஹெச்.எம். சொன்னாங்க. ஒரு காலை இன்னொரு கால் மேல குறுக்க வெச்சு, தொடையை இறுக்கிக்கிட்டு நின்னா 55 விநாடி தாங்குது. முடிஞ்சதும் உட்கார்ந்துடுறேன். நேத்து முழு பிரேயர்லயும் கண்ணு இருட்டலை. இன்னைக்கு லேசா இருட்டுச்சு."